இடது பின்கதவு

அத்தியாயம் 6

செத்துப்போன மனிதரைப் பற்றி அவர் மனைவியிடம் கேட்பதைவிட அவர் காரிடம் கேட்பதே மேல் என்பது யோகப்பிரியாவின் கட்சி. மனைவி புருஷனை விட்டுக்கொடுக்க மாட்டாள். காருக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. எங்கே போனார், யாரோடு போனார், எவ்வளவு அவசரமாகப் போனார் என்று எதைக் கேட்டாலும் சொல்லிவிடும், கேட்கத் தெரிந்தால். துப்பறிய வருவதற்கு முன்னால் அவள் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயராக இருந்தவள். அந்தப் பழக்கம் விடவில்லை.

“அப்படின்னா என் ஸ்கூட்டர் பக்கம் மட்டும் போயிராதீங்கக்கா,” என்றான் உதவியாளன் கௌசிக். “அதுக்கு ஏற்கெனவே என்மேல மனத்தாங்கல்.”

யோகப்பிரியா காதில் வாங்கிக்கொள்ளவில்லை. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தென்னந்தோப்புக்கு நடுவில், ஒரு தகரச் செட்டின் கீழ் அவர்கள் நின்றிருந்தார்கள். எதிரே பொங்கியண்ணனின் வெள்ளை டீசல் கார். மகள் பெரியவளான வருஷம் வாங்கிய வண்டி. வாங்கியவர் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. வண்டி மட்டும் நெற்றியில் காய்ந்த சந்தனப் பொட்டோடு, கூப்பிட்டால் கிளம்பிவிடும் தோரணையில் நின்றது.

சாயங்காலம் தத்தமங்கலத்திலிருந்து புரோக்கர் ஜிபி வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். மகன் சிவப்பிரகாஷ் பேசி முடித்துவிட்டார். அதற்குள் வண்டியின் வாயைத் திறக்க வேண்டும். அப்படிக் கேட்டுக்கொண்டவள் பொங்கியண்ணனின் மனைவி செல்லாத்தாள்.

“எம் புள்ள கிருத்திகா எங்கியோ இருக்கறா, அம்மிணி,” என்று காலையில் சமையல்கட்டில் வைத்துச் சொல்லியிருந்தாள், மகன் காதில் விழாதபடி. “வேற சாதிப் பையனக் கட்டிக்கிட்டுப் போனவ. ஒம்பது வருசம் ஆச்சு. இவரு அவள நெனைக்கவே கூடாதுன்னாரு. ஆனாலும் போய்ப் பாத்துட்டுத்தான் இருந்திருக்காரு. மாசத்துல ஒரு நாள் வண்டியில போவாரு. கேட்டா ஒரம் வாங்கப் போனேம்பாரு, ஆஸ்பத்திரிக்குப் போனேம்பாரு. போய்ட்டு வந்த அன்னைக்கு மட்டும் ராத்திரி சோறு கேட்டு வாங்கித் தின்பாரு. மத்த நாளெல்லாம் தட்டத் தள்ளி வெச்சுருவாரு.”

“உங்க மகன் என்ன சொல்றார்?”

“அவங்கிட்டக் கேட்டா, செத்த மனுசன எதுக்குத் தோண்டறீங்கன்னு வாய அடச்சுப் போடறான். எங்கீன்னு மட்டும் கண்டுபுடிச்சுச் சொல்லுங்க, சாமி. நெஞ்சுல வால்வு சரியில்லீன்னு டாக்டர் சொல்லீட்டாரு. நான் இருக்கறதுக்குள்ள போய் ஒருக்காப் பாத்துட்டு வந்தர்றேன்.”

சொல்லிவிட்டு இரண்டு பேருக்கும் அரிசிம்பருப்புச் சாதம் போட்டு, நெய்யும் ஊற்றினாள். கௌசிக் மறுசோறு கேட்கவில்லை. சாப்பாட்டு விஷயத்தில் அவனுக்கு அப்படி ஆவது அபூர்வம்.

யோகப்பிரியா பானெட்டைத் திறந்தாள். எட்டிப் பார்த்த கௌசிக், “என்னக்கா இது, கல்யாணப் பொண்ணாட்டம் இருக்குது,” என்றான்.

அவன் சொன்னதில் பிழை இல்லை. வயசான இன்ஜின்தான். ஆனால் பெல்ட் புதுசு, தண்ணீர்க் குழாய்கள் புதுசு, பேட்டரி புதுசு, டீசல் ஃபில்டர் நேற்றுப் போட்டதுபோலப் பளபளத்தது. ஆயில் குச்சியை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தாள். அளவு சரியாக மேல் கோட்டில் நின்றது.

“பெரியவர் வண்டியை எப்பவுமே இப்படித்தான் வெச்சிருப்பாராங்க?” என்று வாசல் பக்கம் குரல் கொடுத்தாள்.

செல்லாத்தாள் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள். “அவரா? ஆயில் மாத்துங்கன்னு ஒர்க்‌ஷாப்புக்காரன் கெஞ்சுவானுங்க. டீசலே பங்க்ல அடிக்க மாட்டாரு. தோட்டத்து மோட்டாருக்கு வாங்கி வெச்ச பீப்பாய்ல இருந்து மோந்து ஊத்துவாரு. மூணு வருசமாத்தான் இந்தக் கிறுக்குப் புடிச்சுது. பொழுதுக்கும் துணியும் கையுமா வண்டிகிட்டயே நிப்பாரு. ஆனைய வாங்கிட்டு அங்குசத்துக்கு அழுத மனுசன், ஆன கெழடாகிப்போன காலத்துல தங்கத்துல அங்குசம் செஞ்ச கதையா ஆச்சுன்னு ஊரே சிரிச்சுது.”

செட்டின் மூலையில் ஒரு நீலப் பீப்பாய் கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் கோழி ஒன்று சொந்த வீடுபோல உட்கார்ந்திருந்தது.

அப்போது சிவப்பிரகாஷ் வந்தார். தேங்காய் மண்டி வைத்திருப்பவர், நாற்பதை நெருங்குகிறவர், குழந்தை இல்லை. தூக்கம் கெட்ட முகம். யோகப்பிரியாவை அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம் என்றும், வண்டி வாங்கும் எண்ணத்தோடு பார்க்க வந்திருக்கிறாள் என்றும்தான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

“நல்ல வண்டிங்க, ஆனா ஜிபிகிட்டச் சொல்லியாச்சு,” என்றார். “அடுத்த மாசம் ஆர்.டி.ஓ. டெஸ்டுக்கு வேற காட்டோணும். யாருங்க அலையறது?”

“ரொம்ப ஓட்டியிருக்கோ?”

“இல்லீங்க. சக்கரை முத்திப்போய் அப்பாவுக்கு ரெண்டு வருசத்துக்கு முந்தி வலது கால் வெரலெல்லாம் எடுத்துட்டாங்க. அதுக்கப்பறம் அவரு ஸ்டியரிங்கத் தொடலீங்க. மாசம் ஒருக்கா கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு நாந்தான் கூட்டிட்டுப் போவேன். வேற எங்கியும் போகலீங்க.”

கேட்காத கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிட்டு அவர் சாப்பிட உள்ளே போனார். செல்லாத்தாளும் பரிமாறப் போனாள்.

“கௌசி, பின்னாடி ஏறிப் பாரு,” என்றாள் யோகப்பிரியா.

கௌசிக் இடது பின்கதவைத் திறந்து ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். ஒரு நிமிஷத்தில் முகம் மலர்ந்தது. உள்ளங்கையில் நாலைந்து பச்சை ஏலக்காய்.

“அக்கா, கேஸ் முடிஞ்சுது. ஏலக்காய். வண்டன்மேடு. ஏலம் போடற ஊரு. ஆளு அங்கதான் போயிருக்காரு. நான் இறங்கி ஸ்கூட்டர் எடுக்கறேன்.”

இறங்க முடியவில்லை. கைப்பிடியை இழுத்தான், தோளால் முட்டினான். கதவு அசையவில்லை.

“அக்கா, வண்டி என்னைக் கைது பண்ணிருச்சு.”

“எல்லாக் கடையிலயும் ஏலக்காய் கிடைக்குது. பாயசம் வெச்சவன் எல்லாம் வண்டன்மேடு போய்ட்டு வந்தவனா?” என்றபடி யோகப்பிரியா வெளியிலிருந்து கதவைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள். கதவின் ஓரத்தில், திறந்தால் மட்டும் கண்ணில் படும் இடத்தில், நகத்தளவு ஒரு விசை கீழே தள்ளப்பட்டிருந்தது. சுற்றிச் சென்று வலது பின்கதவைத் திறந்தாள். அங்கே அதே விசை மேலே இருந்தது. வாங்கிய நாளிலிருந்து யாரும் தொட்டிராத அழுக்கு அதில் அப்பியிருந்தது. இடப்பக்கத்தில் இருந்தது மட்டும் விரல் பட்டுப் பட்டுப் பளிச்சென்று இருந்தது.

“இது என்னன்னு தெரியுமா?”

“சைல்டு லாக். குழந்தைக ஓடற வண்டியில கதவைத் திறந்துராம இருக்க.” சொல்லி முடிப்பதற்குள் கௌசிக்கின் குரல் இறங்கிவிட்டது. “இந்த ஊட்டுல குழந்தையே இல்லையே அக்கா.”

“இல்லை. வலது பக்கம் கீழே பாரு.”

வலது பின்சீட்டின் முன்னால், கால் மிதியில், வட்டமாக ஒரு தேய்மானம். கைத்தடியின் அடியில் இருக்கும் ரப்பர் ஒரே இடத்தில் ஊன்றி ஊன்றி விழுந்த தடம்.

“ஓட்டறது மகன். அப்பன் உக்கார வேண்டியது முன்சீட்டு. இந்த ஊர்ல எந்தப் பெரிய மனுஷனாவது சொந்த வண்டியில பின்னாடி உக்காந்து பாத்திருக்கியா?”

“கல்யாணத்தன்னைக்குக்கூட உக்கார மாட்டாங்க.”

“இவர் உக்காந்திருக்கார். பக்கத்துல ஒரு குழந்தை இருந்ததால.”

கௌசிக் ஏலக்காயைக் கீழே போடவும் மனசில்லாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். செல்லாத்தாளுக்கு ஒரு பேரக்குழந்தை இருக்கிறது. இந்த வீட்டில் அது தெரிந்த ஒரே சாட்சி இந்தக் கதவு. ஓடிப்போய் அவளிடம் சொல்லிவிடலாமா என்று அவனுக்குக் கால் பரபரத்தது.

“நில்லு,” என்றாள் யோகப்பிரியா. “பாதி தெரிஞ்சதைச் சொன்னா பாவம்.”

முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் படுத்திருக்கும் பள்ளத்தில் விரலை விட்டாள். எவ்வளவுதான் துடைத்தாலும் அந்த இடத்துக்குத் துணி போகாது. காய்ந்த இலைகள் இரண்டு வந்தன. சீப்புப் பல்லாகப் பிரிந்த இலை. அடிப்பக்கம் வெள்ளி பூசியதுபோல வெளுத்திருந்தது.

“தென்னந்தோப்புக்குள்ள சில்வர் ஓக் ஏது? தேயிலைக்கு நிழல் மரம் இது. அந்த மரத்தடியில வண்டி நின்னிருக்கு. ஒரு தடவை ரெண்டு தடவை இல்லை.”

“தேயிலைன்னா வால்பாறை இருக்கு, நெல்லியாம்பதி இருக்கு, மூணாறு இருக்கு. ஒவ்வொரு மலையா ஏறி இறங்கறதுக்குள்ள ஜிபி இந்த வண்டியைக் கைமாத்தி, வாங்கினவன் அதுல மாப்பிள்ளை ஊர்வலமே போயிருவான்.”

“ஏறவே வேண்டாம்,” என்றாள் யோகப்பிரியா. அவள் முன்டயர் பக்கம் உட்கார்ந்திருந்தாள். “டயர்ல நாலு நம்பர் போட்டிருக்கும் பாரு, தயாரிச்ச வாரமும் வருஷமும். இது போன வருஷத்து டயர். பெரியவர் கால் விரல் போனதுக்கு அப்புறம் வாங்கினது. நடுவுல நல்லா இருக்கு, ஓரம் மட்டும் அரைச்சுப் போட்ட மாதிரி தேஞ்சிருக்கு. கொண்டை ஊசி வளைவுல திருப்பித் திருப்பி ஓட்டினாத்தான் முன்டயரோட தோள் இப்படித் தேயும்.”

கௌசிக்குக்கு இப்போது புரிந்தது. அவன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“வழி தெரிஞ்சவர் உள்ளே சோறு தின்னுட்டு இருக்கார்,” என்றாள் யோகப்பிரியா. “போய்க் கூட்டிட்டு வா. அம்மா காதுல விழ வேண்டாம்.”

சிவப்பிரகாஷ் ஈரக் கையோடு வந்தார். யோகப்பிரியா சுற்றி வளைக்கவில்லை. தான் யார் என்பதை ஒரு வரியில் சொன்னாள். அவர் முகம் சிவக்கத் தொடங்கியது. அதற்குள் கேட்டாள்.

“கோயமுத்தூர் ரோட்ல எத்தனை கொண்டை ஊசி வளைவுங்க இருக்கு?”

“என்னங்க கேள்வி இது? அது நேர் ரோடு.”

“அப்புறம் டயர் எதுக்கு ஓரத்துல தேஞ்சுது?”

அவர் டயரைப் பார்த்தார். பிறகு தென்னை மரங்களைப் பார்த்தார்.

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறீங்க. மறைச்சாலும் மறைச்சீங்க, நல்லாத்தான் மறைச்சீங்க,” என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. “அந்தக் குழந்தைக்கு என்ன வயசு?”

சிவப்பிரகாஷ் இடது பின்கதவின் மேல் கையை வைத்துக்கொண்டார். பெரிய ஆள், மண்டியில் நாலு லாரிக்காரர்களை ஒரே சத்தத்தில் அடக்குகிறவர். இப்போது அவர் சொன்னது கௌசிக் குனிந்தால்தான் கேட்டது.

“ஆறு நடக்குதுங்க. மோனிஷான்னு பேரு. மூணாறுக்கு அந்தப் பக்கம் சூரியநெல்லியில இருக்குது.”

“கிருத்திகாவும் அங்கேதானே?”

“இல்லீங்க.”

“வேற எங்கே?”

“எங்கியும் இல்லீங்க. மூணு வருசம் ஆச்சு.”

கௌசிக் வாயில் ஏதோ ஒரு பேச்சு தயாராக இருந்தது. அது எது என்பதே அவனுக்கு மறந்துவிட்டது. காலையில் நெய் ஊற்றிய கை மட்டும் கண்ணுக்குள் நின்றது. அந்தக் கைக்காரியிடம் போய் இதை யார் சொல்வது?

சிவப்பிரகாஷ் தானாகவே பேசத் தொடங்கினார். இரண்டு வருஷம் பூட்டி வைத்திருந்த வாய் ஒருமுறை திறந்தால் நிற்காது போலிருக்கிறது.

“அவ கட்டிக்கிட்டுப் போன அடுத்த மாசமே அப்பா பேரூருக்குப் போனாருங்க. உசுரோட இருக்கறவளுக்கு ஆத்தங்கரையில காரியம் பண்ணித் தலை முழுகிட்டு வந்தாரு. அம்மாவயும் கூட்டிட்டுப் போய்ப் பக்கத்துல உக்கார வெச்சாரு. நானும் போனேன். மொட்ட அடிச்சுக்கிட்டேன். என்ர தங்கச்சிக்கு, அவ உசுரோட இருக்கறப்பவே.”

“அப்புறம்?”

“அவளக் கட்டுன பையன் சுடலைமணி அங்க டூரிஸ்டுகள மலைமேல கூட்டிட்டுப் போற ஜீப் ஓட்டறான். நல்ல பையனுங்க, இப்பச் சொல்றேன். அவளுக்கு மஞ்சக்காமாலை வந்து முத்திப்போச்சு. அப்பாவப் பாக்கோணும்னு சொல்லியிருக்கறா. அவன் போன் பண்ணுனான். அப்பா ஒண்ணுமே பேசல. போன வெச்சுட்டு, அந்தப் பீப்பாய்ல இருந்து டீசல் மோந்து ஊத்திக்கிட்டு, தனியாக் கிளம்பிட்டாரு.”

அவர் கவிழ்ந்து கிடந்த நீலப் பீப்பாயைக் காட்டினார்.

“பீப்பாய்க்கு அடியில தண்ணி எறங்கி நின்னிருக்குதுங்க. மழைக்காலத்துல நிக்கும்னு எல்லாத்துக்கும் தெரியும். மோட்டாருக்கு ஊத்தறப்பப் பாத்து ஊத்துவோம். அன்னைக்கு அவரு பாக்கல. மறையூர் தாண்டி ஏத்தத்துல ஃபில்டர்ல தண்ணி புகுந்து வண்டி நின்னுபோச்சு. நடுக்காடு. அந்தப் பக்கம் வந்த வண்டியெல்லாம் கைகாட்டிப் பாத்திருக்காரு. ஒரு மெக்கானிக்கப் புடிச்சுக் கூட்டியாந்து, தண்ணிய வடிச்சு, எடுத்துட்டுப் போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்க.”

யோகப்பிரியா திறந்து கிடந்த பானெட்டை மெதுவாக மூடினாள்.

“அப்பா வந்துட்டாரா, அப்பா வந்துட்டாரான்னு கேட்டுட்டே இருந்தாளாம். அதுக்கப்பறம் இந்த வண்டியில ஒரு ஆணி துருப்புடிக்க அவரு உடல. மாசாமாசம் போவாரு. கால் போனதுக்கப்பறம்தான் எங்கிட்டச் சொன்னாரு. வேற வழியில்ல, ஓட்டறதுக்கு ஆள் வேணுமே. மலைக்குப் போனதும் பின்னாடி ஏறிக்குவாரு. அந்தப் புள்ள பக்கத்துல உக்காந்து அவரு கைத்தடிய வாங்கி வெச்சுக்கிட்டு எல்லாத்தயும் மெரட்டும். பள்ளிக்கூடம், சந்தைன்னு அன்னைக்கெல்லாம் சுத்துவோம். பொழுதெறங்கறப்ப சுடலைமணியோட அம்மா சின்னத்தாய்கிட்ட உட்டுட்டு வந்துருவோம். ஏலக்கா குடுத்து உடுவாங்க.”

“அம்மாகிட்ட ஏன் சொல்லலை?”

“எப்படீங்க சொல்றது? காரியம் பண்ணி முடிச்சவ செத்துட்டான்னு ஒருத்தன் மறுக்கா எப்படிச் சொல்லுவான்? நாங் குடுத்த திதிதான் அவளக் கொண்டுபோயிருச்சு, சிவான்னு ஒரு நாள் வண்டியிலயே அழுதாரு. அம்மாவுக்கு நெஞ்சு வேற சரியில்ல. சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. சாகறன்னைக்கும் ஒருக்கா வாங்குனாரு. இந்த வண்டியப் பாத்தாத்தான எல்லா நெனப்பும் வருது, தொலையட்டும்னு ஜிபிகிட்டச் சொன்னேன்.”

“அப்ப குழந்தையையும் விட்டுர்றதா இருந்தீங்களா?” என்றான் கௌசிக். கேட்ட பிறகு அவனுக்கே தன் குரல் கடுமையாகப் பட்டது.

சிவப்பிரகாஷின் கண் கௌசிக்கைத் தாண்டி எங்கோ நிலைகுத்தி நின்றது.

செட்டின் தகர மறைப்புக்கு அந்தப் பக்கம் செல்லாத்தாள் நின்றிருந்தாள். கையில் தட்டு, அதில் மூன்று டம்ளர் மோர். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் தட்டைக் கொண்டுவந்து பானெட்டின் மேல் வைத்தாள்.

“குடிங்க,” என்றாள்.

யாரும் எடுக்கவில்லை.

“அம்மா,” என்று சிவப்பிரகாஷ் எட்டு வைத்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அம்மிணி, நான் உங்ககிட்டக் காலையில பொய் சொல்லிப் போட்டேன்,” என்றாள் யோகப்பிரியாவைப் பார்த்து. “அவ எங்க இருக்கறான்னு கேக்கறதுக்கு உங்களக் கூப்புடல. இருக்கறாளா இல்லியான்னு கேக்கத்தான் கூப்புட்டேன். வாய்ல வரல.”

“உங்களுக்கு முன்னாடியே சந்தேகம் இருந்துச்சாங்க?”

“மூணு வருசத்துக்கு முந்தி ஒரு நாள் மத்தியானம் அவரு வண்டியில வந்தாரு. ஊட்டுக்குள்ள வரல. நேரா மோட்டார் ரூமுக்குப் போய், போட்ட துணியோட தொட்டிக்குழாயில நின்னாரு. தலையில தண்ணி விழுந்துட்டே இருக்குது, மனுசன் நவுரவே இல்ல. அப்பறம் வண்டிக்கும் தண்ணி ஊத்துனாரு. எழவூட்டுக்குப் போய்ட்டு வந்தவன்தான அப்படிக் குளிப்பான்? நான் சமையக்கட்டு சன்னல்ல நின்னு பாத்தேன். யாருக்கு என்னாச்சுங்கன்னு கேட்டிருக்கோணும். கேட்டா அவரு சொல்லிப் போடுவாரேன்னு கேக்கல. வேற யாரோ செத்திருப்பாங்கன்னு நானே நெனச்சுக்கிட்டேன். மூணு வருசமா அந்த வேற யாரோவ வெச்சுத்தான் சோறு தின்னேன்.”

அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. அதுதான் பார்க்க முடியாமல் இருந்தது.

“பேரூர்ல ஊரே அழுதுச்சு. நான் அழுகல. உசுரோட இருக்கறவளுக்கு எதுக்கு அழுகோணும்னு கல்லாட்ட உக்காந்திருந்தேன். என்ன பொம்பள இவன்னு பேசுனாங்க.” மகன் பக்கம் திரும்பினாள். “மோட்டாரப் போடு, சிவா.”

“அம்மா, நெஞ்சுக்கு ஆகாது.”

“சாவுச் சேதி கேட்டா தல குளிக்கோணும். போடுடா.”

சிவப்பிரகாஷ் போய்ச் சுவிட்சைப் போட்டார். தோப்புக்குள் போர் மோட்டார் உறுமித் தண்ணீர் சீறிக்கொண்டு விழுந்தது. சேலையோடு செல்லாத்தாள் அதன் கீழே போய் நின்றாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. பெற்ற வயிற்றிலிருந்து வரும் அந்தச் சத்தத்தை நின்று கேட்க முடியாமல் கௌசிக் வாசலுக்கு நடந்தான்.

வாசலில், சொன்ன நேரத்துக்கு முன்பே, ஒரு பைக் வந்து நின்றது. புரோக்கர் ஜிபி, கூட வண்டியை ஓட்டிப் போக ஓர் ஆள்.

“எந்தா, வண்டி ரெடியல்லே?” என்றான் ஜிபி.

“இன்னைக்கு முடியாதுங்க. ஊட்டுல சாவு.”

ஜிபி பதறிப்போய் ஹெல்மெட்டைக் கழற்றினான். “அய்யோ. எப்போ?”

“இப்பத்தான்,” என்றான் கௌசிக். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று நினைத்தபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜிபி அவன் தோளைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போனான்.

கௌசிக் செட்டுக்கு வந்தபோது மோட்டார் நின்றிருந்தது. செல்லாத்தாள் மாற்றுச் சேலை உடுத்தி, ஈரத் தலையை முடியாமல் விட்டபடி காரின் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். யோகப்பிரியா துண்டோடு பின்னால் நின்றாள். சிவப்பிரகாஷ் தரையில், அம்மாவின் காலடியில்.

“அந்தப் புள்ளைக்கு என்னயத் தெரியுமா?” என்று கேட்டாள் செல்லாத்தாள்.

சிவப்பிரகாஷ் தலையைக் குனிந்துகொண்டார்.

“கேக்கறனல்ல?”

“ஒரு நாள் அது அப்பாகிட்டக் கேட்டுச்சும்மா. அம்மாவப் பெத்த அம்மிச்சி ஏன் வர்றதில்லன்னு. என்னன்னு சொல்றதுன்னு தெரியாம, அவரு...” நிறுத்தினார். “அம்மிச்சி சாமிகிட்டப் போயிருச்சுன்னு சொல்லிட்டாரு.”

கௌசிக் பல்லைக் கடித்தான். உயிரோடு இருந்த மகளுக்குக் காரியம் செய்தவர், உயிரோடு இருந்த மனைவியையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் செல்லாத்தாளுக்குக் கோபம் வரவில்லை. அவள் யோசித்தது வேறு.

“அப்ப நான் திடீர்னு போய் நின்னா அது பயந்துக்குமே,” என்றாள். “நீ மொதல்ல போன் பண்ணு. அம்மிச்சி சாகலீன்னு சொல்லு.”

சிவப்பிரகாஷ் எண்ணைத் தட்டினார். சின்னத்தாய் எடுத்திருக்க வேண்டும். மெதுவான குரலில் நாலு வார்த்தை பேசினார், அப்புறம் குழந்தையிடம் பேசினார், அப்புறம் பேச முடியாமல் ஸ்பீக்கரைப் போட்டு அம்மாவின் கையில் கொடுத்துவிட்டார்.

“யாரு பேசுறது?” என்றது ஒரு சின்னக் குரல். பின்னால் எங்கோ ஒரு ஜீப் முனகிக்கொண்டு மேடேறியது.

“அம்மிச்சி பேசறேன், கண்ணு.”

“நீங்க செத்துப் போயிட்டீகன்னு அப்புச்சி சொன்னாகளே.”

“தெரியாமச் சொல்லிட்டாருங்க, கண்ணு. நான் இங்க ஊட்லதான் இருக்கறேன்.”

“மெய்யாவா?”

“மெய்யாத்தான்.”

குழந்தை மூச்சு விடுவது கேட்டது. அது எதையோ கூட்டிக் கழித்துப் பார்க்கிறது என்று கௌசிக்குக்குப் பட்டது. அடுத்து என்ன கேட்கப் போகிறது என்பதும் ஒரு கணம் முன்னாலேயே தெரிந்துவிட்டது. அவன் யோகப்பிரியாவைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அப்பம் எங்கம்மாவும் வந்துருவாகளா?”

செல்லாத்தாள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஈர முடியிலிருந்து தண்ணீர் அதன்மேல் சொட்டியது. துடைத்துவிட்டு, குரல் உடையாமல் பேசினாள்.

“நாங் காத்தால மாமங்கூட வண்டியில வர்றேன், கண்ணு. நான் மட்டுந்தான் வர்றேன்.”